சீல் போட்ட லேப்டாப்பும் சீர் வந்த டேப்பும்

ஸ்டெல்லாவுக்கு நைனா எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியமில்லை. நீ சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாய், எனக்குச் சத்தம் கேட்கிறது. பத்தடி தூரத்தில் இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேச ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ வாயை மூடிக்கொள்வாய், அம்மா நடுவில் வந்து காபி கொடுப்பாள். இருபத்து நான்கு வருடமாக இந்த வீட்டில் பேச்சுவார்த்தை அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் நான் வேலை பார்க்கிற யார்டில் வீணாய்ப் போன ஷீட்டுகளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் படித்துவிடு. விஷயம் உன் நிச்சயதார்த்தத் தட்டில் வந்த டேப், அந்தத் தொடுதிரைப் பலகை பற்றியது. சிரிக்காதே. அந்த டேப்பால் உன் கல்யாணமே நின்றிருக்கும். நிறுத்தப் போனவன் நான்தான்.

நான் சந்தேகக்காரன் என்பது ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு உன் அம்மா சொல்லியிருப்பாள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேட்டில் இருபத்தேழு வருடம் நின்றவனுக்கு வேறு எந்தக் குணம் வரும்? லாரி வரும். டிரைவர் சிரிப்பான், வணக்கம் வைப்பான். அவன் முகத்தை நான் பார்க்க மாட்டேன். கன்டெய்னர் கதவைப் பார்ப்பேன். கதவில் சீல் இருக்கிறதா, அதன் எண் பேப்பரில் இருக்கிற எண்தானா, யாராவது அறுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் 'சீல் ஓகே' என்று எழுதுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கு வேண்டாத விஷயம், யாரும் திறக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும். இந்தப் புத்தியை யூனிபார்மோடு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். நான் மாட்டவில்லை. வாழைப்பழம் வாங்கினாலும் சீப்பைத் திருப்பிப் பார்க்கிறவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை டெனிஸ் வீட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். புடவை, பூ, பழம், கேக், கடைசியாக அந்த டேப். எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் தலையாட்டினேன். அப்போது டெனிஸின் அம்மா உன் கன்னத்தை வழித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அந்தக் கனமான லேப்டாப்புலாம் இன்னாத்துக்கும்மா? இது பாரு, அடுப்பாண்ட நிக்க வெச்சுகினு ரசத்த தாளிச்சுகினே பாடம் கேக்கலாம்." நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பும் ரசமும் எதற்கு அந்தப் பேச்சுக்குள் வந்தன? நீ கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பில் போடலாம் என்று உன் ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சல் வழியில் எம்.காம் வேறு படிக்கிறாய். இதெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே அவர்களிடம் சொல்லியாயிற்று. தெரிந்துகொண்டே ஒரு டேப்பை வாங்கி வந்து வைக்கிறார்கள் என்றால் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும் என்று என் மூளை அன்று இரவே லாரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டது.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் பிரிப்பேன் என்று நீ அதைப் பெட்டியோடு பீரோவில் வைத்தாய். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ ஆபீஸ் போன பிறகு அந்தப் பெட்டியை நான் பிரித்தேன். ஒட்டியிருந்த தாளை நகத்தால் மெல்லக் கிளப்பி, கிழியாமல் எடுத்தேன். யார் அறுத்தாலும் கண்டுபிடிக்கிறவனுக்குத் தடம் தெரியாமல் அறுக்கவும் தெரியும். எனக்கு மத்தியான ஷிப்ட் இருந்த ஒரு வாரம், காலை வேளைகளில் அதை வைத்துப் பார்த்தேன். என் போனிலிருந்து நெட் கொடுத்து, உன் பாடப் பக்கத்தைத் திறந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், படிக்க அருமையாக இருந்தது. எழுத்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. விரலால் பெரிதாக்கலாம், கூடவே வந்த பேனாவால் கோடு போடலாம். வாத்தியார் பேசுகிற வீடியோ ஒன்று முழுதாகப் பார்த்தேன், எனக்கே கொஞ்சம் கணக்குப்பதிவியல் புரிகிற மாதிரி இருந்தது. சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நின்றது. லேப்டாப் மாதிரி சூடாகி மடியைச் சுடவில்லை.

பிறகு உன் அசைன்மென்ட் நோட்டிலிருந்த அட்டவணை ஒன்றை அதில் அடித்துப் பார்த்தேன். அங்கேதான் சாயம் வெளுத்தது. கீபோர்டு மேலே எழும்பிவந்து பாதித் திரையை மூடிக்கொண்டது. ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் திறந்தது. எட்டு வரி அடிக்க முக்கால் மணி நேரம். எங்கள் யார்டிலும் இரண்டு வருடமாக டேப்தான் கொடுத்திருக்கிறார்கள். அடிபட்ட கன்டெய்னரைப் படம் எடுக்க அதைப்போல ஒன்று கிடையாது. முன்பெல்லாம் 'நசுங்கவில்லை' என்று சாதிக்கிற டிரைவர் இப்போது படத்தைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறான். ஆனால் ஒரு வரி குறிப்பு எழுத வேண்டுமென்றால் வியர்த்த விரலும் உச்சி வெயிலும் சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்தும். ஒரு தடவை ஒரு கன்டெய்னர் அடிபட்டதை வேறு கன்டெய்னர் எண்ணில் எழுதி அனுப்பிவிட்டு, மேனேஜரிடம் டேப் மேல் பழி போட்டேன். பாதித் தப்பு அதனுடையது.

என் கணக்கு சரியா என்று மும்தாஜைக் கேட்டேன். எங்கள் ஆபீசில் டாக்குமென்ட் பார்க்கிறாளே, வண்ணாரப்பேட்டை மும்தாஜ், போன கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்கு வந்தவள். அவளுக்கு எதையும் பூசி மெழுகத் தெரியாது. "அண்ணே, டேப்புல வந்தத பாக்கலாம், ஓகே சொல்லலாம், கையெழுத்து போடலாம். ஒரு ஷீட்ட தொறந்து வெச்சுகினு அத பாத்து இன்னொரு ஷீட்டுல அடிக்கணும்னா பேஜாருதான். தனியா கீபோர்டு, மவுஸு வாங்கி சேத்தா ஓரளவுக்கு ஓடும். ஆனா எங்க சாப்ட்வேரு அதுல ஏறவே ஏறாது. நாள் பூரா அதுலயே வேல செய்யணும்னா நா மாட்டேம்பா." எழுந்து போகும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள்: "பாக்குறவங்களுக்கு டேப்பு, செய்யறவங்களுக்கு லேப்டாப்பு. அவ்ளோதான்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குப் பொறி தட்டியது. செய்கிற பெண் வேண்டாம், பார்க்கிற பெண் போதும் என்றுதான் அவர்கள் டேப் வாங்கியிருக்கிறார்கள். முதலில் ரசம், பிறகு பிள்ளை, அப்புறம் 'வேலைக்கு இப்போ என்னம்மா அவசரம்' என்பார்கள். எம்.காம் புத்தகம் பரணுக்குப் போகும். எல்லாம் எனக்குப் பட்டப்பகல் மாதிரி தெரிந்துவிட்டது.

இதற்குள் மாதா கோயிலில் முதல் திருமண ஓலை வாசித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் படிக்கும்போது, ஊர் முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஞாயிறும் வாசித்தார். அன்று மத்தியானம் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், மூன்றாவது ஓலைக்கு முன்னால் சாமியாரைப் பார்த்துப் பேசப் போகிறேன் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போயி இன்னா சொல்லுவ? மாப்ள டேப் குடுத்தான், அதனால பொண்ணு குடுக்கமாட்டேன்னா? சாமியாரு உன்ன கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கி அனுப்புவாரு." நான் விடவில்லை. "உனக்கு இன்னாடி தெரியும்? சீல் ஒடஞ்சு கீது. எனக்குத் தெரியுது." அவள் அடுப்பை அணைத்தாள். "சந்தேகமா கீதுன்னா சம்பந்தப்பட்டவன போய் கேளு. ஒரு தபாவாச்சும் நேரா கேளு. இந்த வூட்ல நீ யாரையும் கேட்டதே இல்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் பேசின் பிரிட்ஜ் போனேன். டெனிஸ் ரயில் யார்டில் ஷிப்ட் முடிந்து கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான். யாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை என்று நினைத்திருக்கிறான். டீக்கடையில் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "தம்பி, என் பொண்ணு வேலைய விட்றணும்னு உங்க வூட்ல நெனப்பு கீதா? கீதுன்னா இப்பயே சொல்லிடு." அவன் டீயை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். "இன்னா மாமா சொல்றீங்க? அது வேலைக்கு போறதாலதான் எங்கம்மா தெரு பூரா பெருமையா சொல்லிகினு திரியுது." பின்னே டேப் எதற்கு என்றேன். "நா லேப்டாப்தான் வாங்கலாம்னு கடைக்கி போனேன் மாமா. ஸ்டெல்லாதான் டேப்பே போதும்னு அடம் புடிச்சிச்சு." நான் நம்பவில்லை. டேப்பில் அவள் வேலை நடக்காது, அது அவளுக்கே தெரியும், பின்னே ஏன் கேட்பாள் என்று மடக்கினேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "சொன்னா கோச்சுக்காதீங்க. டேப்புன்னா தலகாணி ஒறைக்குள்ள பூந்துக்கும்னு சொல்லிச்சு. யாரும் எடுத்து பூட்டி வெக்க முடியாதாம். நா சிரிச்சேன். அது சிரிக்கல. எங்க வூட்ல யாரும் அப்டிலாம் இல்லன்னு சொன்னேன். 'பொறந்த வூட்லயே பூட்டுவாங்கன்னு எனக்குத் தெரியல, உங்க வூட்ல எனக்கு இன்னா தெரியும்'னு கேட்டுச்சு மாமா."

ஸ்டெல்லா, அந்த டீயை நான் குடிக்கவில்லை. பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த விஷயத்தை நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டாயா என்று நான் கேட்டதும் இல்லை. நீ பி.காம் கடைசி வருடம். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் சாயங்காலமெல்லாம் ஏதோ அடித்துக்கொண்டிருப்பாய். நான் உள்ளே வந்தால் மூடிவிடுவாய். ஒரு நாள், இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாவது நாள் எவனோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறொரு அப்பனாயிருந்தால் கேட்டிருப்பான், அல்லது கத்தியிருப்பான். நான் யார்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சீல் கொண்டுவந்தேன். ஒரு தரம் இழுத்துப் பூட்டினால் அறுக்காமல் கழற்ற முடியாத சீல், ஒவ்வொன்றிலும் ஒரு எண். லேப்டாப்பைப் பையில் வைத்து, இரண்டு ஜிப்பையும் சேர்த்து சீல் போட்டு, எண்ணை என் டைரியில் எழுதிக்கொண்டேன். தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தப் பையைத் தூக்கி, எண்ணைப் பார்த்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டை போடுவேன். நீ அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இப்படியே ஆறு மாதம்.

நீ அந்தச் சீலைத் தொடவே இல்லை. எனக்கு அதில் பெருமை வேறு. பெண்ணை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்று மும்தாஜிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதையும் நான் பொறாமை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நீ கண்ணாடி உடைந்த போனில், விரலால் தட்டித் தட்டி முடித்தாய். ஒரு பெரிய கம்பெனியின் வேலைத் தேர்வு ஆன்லைனில் வந்தது. நீ தேறவில்லை என்றாய், நானும் 'சரி, நல்லாப் படிச்சிருக்கணும்' என்றேன். போனில் அந்தத் தேர்வு பாதியில் நின்றுபோனதை டெனிஸ்தான் இப்போது சொன்னான். இரண்டாவது பகுதி போனில் திறக்கவே இல்லையாம். பத்தடி தூரத்தில் லேப்டாப் பைக்குள் கிடந்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருப்பாய். கோடையில் நானே கட்டரால் சீலை அறுத்தபோது பேட்டரி உப்பி, அடிப்பக்கம் பிளந்து கிடந்தது. காயலான் கடைக்குப் போட்டேன். என் டைரியில் அந்த ஆறு மாதமும் எல்லாப் பக்கத்திலும் 'சீல் ஓகே' என்று இருக்கிறது. நேற்று அதைத் திருப்பிப் பார்த்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

டெனிஸ் வீட்டில் என்ன கபடம் என்று நான் ஒரு மாதம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். கபடம் இங்கேதான் இருந்திருக்கிறது. யாரும் கேட்காமலே உனக்கு ஒரு சீதனம் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். போகிற வீட்டில் எதை எங்கே ஒளிக்கலாம் என்று முதலில் யோசிக்கிற புத்தி. அது என்னிடமிருந்து வந்தது. புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று முந்தானையை நனைத்துப் பார்க்கிறாயே, அந்தச் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொள், அது நல்ல சந்தேகம். ஒளிக்கிற இந்தப் புத்தியை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது உன் அம்மா என் தொடையில் கிள்ளினாள், நீ கவனித்திருப்பாய். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு உனக்கு லேப்டாப் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரன் ஒல்லியாக, எடையே இல்லாமல் ஒன்றைக் காட்டி, 'பேப்பர் மாதிரி கீது பாருங்க சார், எங்க வேணா சொருவிக்கலாம்' என்றான். அதுதான் வேண்டாம் என்றேன். "இருக்கறதுலயே பெருசா, தடியா ஒண்ணு குடுப்பா. தலகாணிக்கு அடியில வெச்சா கழுத்து ஒடையணும்." அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் எடுத்துக் கொடுத்தான். மும்தாஜ் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைக் காட்டி, உன் ஆபீஸ் சாப்ட்வேர் ஓடுமா, கீபோர்டில் எண்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பத்துக் கேள்வி கேட்டேன். தூக்கினால் அரிசிப் பை கணக்காகக் கனக்கிறது. அதை ஒளிக்க இடம் தேடினால் உனக்குக் கிடைக்காது.

டேப்பையும் வைத்துக்கொள். டேப் லேப்டாப்பின் இடத்துக்கு வருமா என்று ஒரு மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்: படிக்க, கேட்க, குறித்துக்கொள்ள வரும்; ரசம் தாளிக்கும்போது பாடம் கேட்கவும்தான், உன் மாமியார் சொன்னதில் தப்பில்லை. பில் போடவும், இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், இன்னொரு தேர்வு வந்தால் எழுதவும் வராது. அப்படி ஒரு தேர்வு வந்தால் எழுது. வயது போய்விடவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மேசை இருக்கிறது, நிச்சயம் பேசப் போனபோது பார்த்து வைத்தேன், ஒரு கால் ஆடுகிறது. டெனிஸிடம் சொல்லியிருக்கிறேன், சரி பண்ணுவான். நல்லவனாகத்தான் தெரிகிறான். தெரிகிறான் என்றுதான் சொல்கிறேன். இருபத்தேழு வருடப் பழக்கம் ஒரே ஓலையில் போய்விடாது.

அன்றைக்கு நான் உள்ளே வந்தபோதெல்லாம் லேப்டாப்பை ஏன் மூடினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இப்போதும் கை துருதுருக்கிறது. நான் கேட்கப் போவதில்லை, நீயும் சொல்லாதே. அந்த மேசையில் உட்கார்ந்து வேலை செய். யாராவது வந்தால் மூட வேண்டுமென்று தோன்றினால் மூடு, திறந்திருக்க வேண்டுமென்று தோன்றினால் திறந்திருக்கட்டும். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி உன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கடைக்காரன், 'பிரிச்சு செக் பண்ணிக்கங்க சார், அப்புறம் கேக்கக்கூடாது' என்று மூன்று தடவை சொன்னான். வேண்டாம் என்றேன். மேலே ஒட்டியிருக்கிற தாளை நான் தொடவில்லை, இழுத்தும் பார்க்கவில்லை. நீயே பிரி.